காயம்பட்ட பருந்தும் ஆந்தையும்: குமரி மாவட்ட வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (குளச்சல்): கடற்கரையில் கிடக்கும் செம்பருந்தின் சிறகில் தங்கூசி நரம்பு (மீன்பிடிக்கும் நைலான் நூல்) சுற்றியிருக்கிறது. இழுத்து எடுத்துவிடலாமா, ஐயா?

பதில்: இழுக்கவே கூடாது. தடித்த துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள்; கண் மறைந்ததும் பறவை பெரும்பாலும் அடங்கிவிடும். அலகைவிட அஞ்ச வேண்டியவை கால் நகங்கள் என்பதால், இரு கால்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு, நரம்பைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுங்கள். சதையில் இறங்கிய தூண்டில் முள் கால்நடை மருத்துவருக்கான வேலை. நரம்பு நீங்கியதும் பறவை எழும்பப் பார்க்கும். அதை நம்பிப் பறக்க விட்டுவிடாதீர்கள். இறக்கையின் முன்விளிம்பில் விரிந்திருக்கும் மெல்லிய தோல், இரத்த ஓட்டம் தடைபட்டிருந்தால், சில நாள் கழித்துக் கருத்து இற்றுப்போவதுண்டு.

கேள்வி (மார்த்தாண்டம்): வனத்துறையினர் வரும்வரை தண்ணீரும் சோறும் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வற்றிப்போன பறவைக்கு இறைச்சிகூட உடனே ஆகாது. முதலில் மருத்துவர் நீரேற்ற வேண்டும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியும் இருட்டும் அமைதியும் போதும். கம்பிக் கூண்டில் இறகு முறியும்.

கேள்வி (தேரூர்): தென்னை வெட்டியபோது விழுந்த கூகைக் குஞ்சை என் மகன் வளர்க்க ஆசைப்படுகிறான்.

பதில்: கூகையைக் கண்டால் கல்லெறியும் ஊர்களில் இந்த ஆசையைக் கேட்க மகிழ்ச்சியே. ஆயினும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். எலும்பு நீக்கிய கறியை மட்டுமே தின்று வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும். மனிதரையே தன் இனமாகப் பழகிவிட்டால் பிறகு காட்டில் பிழைக்காது. காயமில்லை என்றால், பக்கத்து மரத்தில் பெட்டி கட்டி அதில் வைக்க வனத்துறையினரைக் கேளுங்கள். அந்தியில் குஞ்சின் குரல் கேட்டுத் தாய் தந்தை வர வாய்ப்புண்டு.

கேள்வி (நாகர்கோவில்): முறிந்த எலும்பு கூடிய வல்லூற்றை எப்போது விடலாம்?

பதில்: எலும்பு கூடச் சுமார் 3 வாரம் போதும், தசை தேற அதைவிட நாளாகும். பெரிய கூண்டில் ஒரு சுற்றுப் பறந்ததும் வாய் பிளந்து இரைக்கும் பறவையால் வேட்டையாட முடியாது. முறிந்த சிறகிறகுக்குப் பதிலாக, உதிர்ந்த இறகொன்றை மூங்கில் சிம்பால் பழைய தண்டுக்குள் செருகி ஒட்டுவதும் உண்டு. இதைப் பழகிய கை மட்டுமே செய்ய வேண்டும். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், மழை வெறித்த காலையாகப் பார்த்து, பறவை கிடைத்த இடத்துக்கு அருகிலேயே வனத்துறையினர் முன்னிலையில் விடுவது நல்லது.