மாமா கொண்டுவரப்போகும் பட்டன் லொக் கத்தி

கேள்வி: "அண்ணா, எனக்கு விசுவமடுவில் இரண்டு ஏக்கர் பப்பாசித் தோட்டம். சொட்டு நீர்க் குழாய் வெட்ட, உரப்பை பிரிக்க, கயிறு அறுக்க என்று நாள் முழுக்க ஒரு சின்னக் கத்தி தேவைப்படுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா ஆவணியில் ஊருக்கு வருகிறார். பட்டனை அமத்தி ஒரு கையால் மடக்கும் வில்லுக்கத்தி மூன்றின் படத்தை அனுப்பி, எது வேண்டும் என்று கேட்கிறார். ஒன்று டி2 உருக்கு, மூன்றரை அங்குல அலகு, அலுமினியப் பிடி, 130 கிராம். இரண்டாவது 14சி28என் உருக்கு, இரண்டே முக்கால் அங்குலம், ஜி10 (கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து இறுக்கியது) பிடி, 85 கிராம். மூன்றாவது மலிவு, பளபளப்பான இரும்புப் பிடி. மூன்றும் கையால் விரிப்பவை, ஓட்டோமேட்டிக் இல்லை. பட்டன் லொக்கை நம்பலாமா? பட்டன் இருப்பதால் பொலிஸ் பிரச்சினை வருமா? நான் இடக்கைக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்."

தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, இடக்கை என்று, அதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய விசயம். ஆனால் அது ஏன் பெரிது என்று விளங்க, முதலில் அந்தப் பட்டனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். (எங்கள் ஊரில் சேட்டுக்கு இருப்பது தெறி, கத்திக்கு மட்டும் ஏனோ பட்டன் என்றுதான் வாயில் வருகிறது.)

வெளியில் தெரியும் பட்டன் ஒரு சின்ன முளையின் தலைதான். கடலை அளவு உருக்கு முளை, அதன் அடியில் ஒரு சுருள் ஸ்பிரிங். முளையின் ஒரு பகுதி தடிப்பு, இன்னொரு பகுதி கழுத்துப்போல ஒடுங்கியிருக்கும். அலகின் அடிப்பாகத்தில், அச்சாணிக்குப் பக்கத்தில், பிறை வடிவில் ஒரு வெட்டு உண்டு. கத்தியை முழுதாக விரித்ததும் ஸ்பிரிங் முளையை மேலே தள்ளும், தடித்த பகுதி அந்தப் பிறை வெட்டுக்குள் போய் ஆப்புப்போல இறுகும். இனி அலகு பின்னால் வராது. பட்டனை அமத்தினால் தடிப்பு கீழே போய்விடும், ஒடுங்கிய கழுத்து எதிரே வரும், அலகு சுழல இடம் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தை.

ஓட்டோமேட்டிக் கத்தியிலும் இதே முளைதான். ஆனால் அதில் அலகைத் தள்ளிவிட இன்னொரு ஸ்பிரிங் இருக்கும். மூடிய நிலையிலும் முளை அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அமத்தியதும் அலகு தானாகப் பாயும். கையால் விரிக்கும் வகையில் அந்த இரண்டாவது ஸ்பிரிங் கிடையாது. மூடிய நிலையில் முளை ஒரு மேலோட்டமான குழியில் சாய்ந்து நிற்கும், பெருவிரலால் அலகைத் தள்ளினால் விட்டுக்கொடுக்கும். அதாவது, பட்டன் இங்கே திறப்பதற்கு இல்லை, மடக்குவதற்கு.

மடக்குவதில்தான் இதன் அருமை இருக்கிறது. பக்கத் தகடு லொக், அதாவது பிடிக்குள் இருக்கும் தகடு அலகின் அடியைத் தடுக்கும் லொக், போட்ட கத்தியை ஒரு கையால் மடக்கும்போது, தகட்டை ஒதுக்கும் பெருவிரல் அலகு வரும் பாதையிலேயே நிற்கும். என்னிடம் சாணைக்கு வருபவர்களில் பெருவிரலின் உட்பக்கத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு உள்ளவர்களைக் கண்டால், என்ன கத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். பட்டன் லொக்கில் எல்லா விரலும் பாதைக்கு வெளியில். ஒரு கையில் தண்ணீர் சீறும் குழாய், மறு கையில் கத்தி என்று நிற்பவனுக்கு இது சின்ன விசயமில்லை. ஆகவே, நம்பலாமா என்றால் வெட்டும் வேலைக்கு நம்பலாம். குத்திக் கிண்டவும், பேணி மூடி நெம்பவும், கட்டையில் வைத்து அடித்துப் பிளக்கவும் நம்பாதீர்கள். அதற்கெல்லாம் கொல்லன் பட்டறையில் லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தி இருக்கிறது.

சரி, இடக்கைக்கு வருவோம். அநேகமான பட்டன் லொக் கத்திகளில் பட்டன் பிடியின் இடப்பக்கத்தில் இருக்கும். வலக்கைக்காரனுக்கு அது பெருவிரல் படும் இடம். வேண்டுமென்றால் அமத்துவான், வேண்டாவிட்டால் விரலை முதுகில் வைத்துக்கொள்வான். இடக்கையில் பிடித்தால் அந்தப் பக்கம் உள்ளங்கைக்கும் சுட்டுவிரலின் அடிக்கும் போகும். மெதுவாக வெட்டும்போது ஒன்றும் தெரியாது. நைலோன் கயிற்றை இறுக்கிப் பிடித்து அறுக்கும்போது, சுட்டுவிரலின் அடிச்சதை பட்டனை அமத்தும். அந்த நேரத்தில் அலகு கயிற்றில் சிக்கி முதுகுப்பக்கம் ஒரு தள்ளு கிடைத்தால், மடங்கி விரலுக்கு வரும்.

இதற்காகப் பட்டன் லொக்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பட்டன் பிடியின் மட்டத்துக்கு மேலே துருத்தக்கூடாது. சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் அமர்ந்திருக்க வேண்டும். மாமாவிடம் வட்ஸ்அப்பில் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். முன்பக்கப் படத்தில் இது தெரியாது, விற்பவர்களும் முன்பக்கப் படத்தைத்தான் போடுவார்கள். மூன்றாவது கத்தி பளபளக்கும் பிடி என்கிறீர்கள். பப்பாசிப் பாலும் தண்ணீரும் பட்ட கையில் அது விலாங்குமீன். அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

பள்ளத்துக்குள் இருக்கும் பட்டன் பொக்கற்றிலும் பாதுகாப்பு. முளைதான் மூடிய அலகையும் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னேனே. பட்டன் அமந்தால் அலகுக்குப் பிடிப்பே இல்லை. என் முதல் பட்டன் லொக் கத்தியைக் கொழும்பில் வாங்கினேன், செய்தவர் பெயர் வேண்டாம். பட்டன் ஒரு நெல்லுமணி உயரம் வெளியே நின்றது. ஒரு நாள் பரந்தன் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் களிசான் பொக்கற்றுக்குள் கை விட்டேன். சாவிக்கொத்து பட்டனில் ஏறி உட்கார்ந்திருந்தது, அலகு பாதி திறந்திருந்தது. மூன்று தையல். அன்றிலிருந்து கத்தி இருக்கும் பொக்கற்றில் வேறொன்றும் போடுவதில்லை. கிளிப்பை மாட்டி, அலகின் முதுகு பொக்கற்றின் பின் தையலோடு ஒட்டி நிற்கும்படி வைப்பேன். அலகு நழுவினாலும் தையல் தடுக்கும். இடக்கைக்காரருக்கு இடப் பொக்கற்றில் இப்படி நிற்க, கிளிப்பைக் கழற்றி மறுபக்கம் மாட்டத் துளை இருக்க வேண்டும். இதையும் கேளுங்கள். நீங்கள் தோட்டத்துக்குச் சாரம்தான் உடுப்பவர் என்றால், மடியில் செருகப் பட்டன் லொக் சரிவராது. குனியும்போதெல்லாம் எதாவது அமத்தும்.

நீளம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வேலைக்கு மூன்று அங்குலத்துக்குள் தாராளம். நான்கு விரலும் பிடியில் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். 16 மில்லிமீற்றர்க் குழாயை நேராக வெட்டினால்தான் இணைப்பு ஒழுகாமல் இறுகும். அதற்கு நீளத்தைவிட மெல்லிய வாய் முக்கியம். முதுகு தடித்து, வாய்க்குப் பக்கத்திலும் தடிப்பாகவே வரும் அலகு குழாயை வெட்டாது, நசுக்கும். அலகின் வாய் நேர்கோடாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஓலை வார்கிற சத்தகம்போலப் பிடித்து இழுக்கலாம், கல்லில் தீட்டவும் சுகம்.

உருக்கு: டி2 வாய் நல்லாக நிற்கும், ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் 12 சதவீதமளவில்தான், அதிலும் ஒரு பகுதி காபனோடு சேர்ந்து கட்டியாகிவிடும். துரு அதை விடாது. பப்பாசிப் பாலைத் துடைக்காமல் மடக்கி வைத்தால் மறுநாள் காலை கறுத்த பொட்டு நிற்கும். 14சி28என் சுவீடன் உருக்கு, நைதரசன் சேர்த்தது. துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், சாதாரண சாணைக்கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் வாய் எடுக்கலாம். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் இரண்டாம் பேச்சே வேண்டாம். உங்கள் படங்களில் இரண்டாவதுதான் என் தெரிவு.

ஆனால் பொலிஸ் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் எங்கள் ஊர்ப் பொலிஸை நினைத்திருப்பீர்கள். எனக்கு மாமாவைப் பற்றித்தான் கவலை. கனடாவின் குற்றவியல் சட்டம் தடைசெய்யப்பட்ட ஆயுதம் எது என்று சொல்லும்போது, பிடியிலுள்ள பட்டனை அமத்தினால் தானாகத் திறக்கும் கத்தியோடு நிறுத்தவில்லை. புவியீர்ப்பாலோ, வீசும் வேகத்தாலோ தானாகத் திறக்கும் கத்தியையும் சேர்த்திருக்கிறது. அப்படியானதை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம், இறக்குமதியும் குற்றம். பட்டன் லொக்கில் பட்டனை அமத்திக்கொண்டு மணிக்கட்டால் ஓர் உதறு உதறினால் என்ன ஆகும்? அச்சாணியில் பெயரிங் போட்ட கத்தி என்றால் சடக்கென்று விரிந்து பூட்டிக்கொள்ளும். "மனுவல்" (கையால் விரிப்பது) என்று பெட்டியில் எழுதியிருப்பது அங்கே மாமாவைக் காப்பாற்றாது. சீனாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ இணையத்தில் வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கும் வாய்ப்பு உண்டு.

இலண்டனில் சொந்தம் உள்ளவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் கொண்டுபோகக்கூடியது, லொக் இல்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மட்டும். லொக் விழுந்தால் அது என்ன லொக்காக இருந்தாலும் தகுந்த காரணம் காட்ட வேண்டும்.

அதனால் தம்பி, மாமா அங்குள்ள கடைக்கே போய், கையில் எடுத்து, பட்டனை அமத்தி உதறிப் பார்க்கட்டும். விரிந்தால் வைத்துவிட்டு வரட்டும். அப்படியானால் அதே 14சி28என் உருக்கில் முதுகு லொக் கத்தி கேளுங்கள். பிடியின் முதுகில் அமத்தும் பழைய முறை. ஸ்பிரிங் அலகை மூடிய பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும், உதறினால் இலேசில் வராது, இடக்கை வலக்கை என்ற பேதமும் இல்லை. ஒரு கையால் மடக்கக் கொஞ்சம் பழக வேண்டும். மாமாவை வில்லங்கத்தில் மாட்டிவிட்டுக் கிடைக்கும் பட்டனைவிட அது திறம்.

எதை வாங்கினாலும் விமானத்தில் பொதியோடு போக வேண்டும், கைப்பையில் வைக்கக்கூடாது. ஊரில், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். அரச அலுவலகமான கச்சேரி, நீதிமன்றம், பாடசாலை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், தேர்தல் கூட்டம் என்று போகும் நாளில் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், அப்பாவின் வில்லுக்கத்தியை ஒரு மேசையில் எடுத்து வைத்தவர்கள் திருப்பித் தரவேயில்லை. பாக்கு வெட்டத்தான் வைத்திருந்தார். அந்தக் காலம் முடிந்தாலும், கேட்கிறவருக்கு "தோட்டத்தால் வாறன்" என்று சொல்லும்போது காலில் சேறு இருப்பது நல்லது.

மாமா பட்டன் லொக்கையே கொண்டுவந்துவிட்டார் என்றால், கையில் வந்ததும் இரண்டு விசயம் பாருங்கள். அலகை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் விரியுங்கள். இரண்டு தரமும் பட்டன் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். வேகமாக விரித்தபோது மட்டும் பட்டன் இறுகி, அமத்தக் கஷ்டமாக இருந்தால் முளை வெட்டுக்குள் ஒட்டுகிறது. சில நாள் பாவனையில் சரியாகலாம். பிறகு, விரித்த அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து மெல்ல அமத்துங்கள், விரல்கள் அலகின் பாதைக்கு வெளியில். அடிக்க வேண்டாம். மடங்கும் பக்கம் இலேசாக ஆடுவது இந்த லொக்கில் சாதாரணம். மாதாமாதம் ஆட்டம் கூடினால் முளையோ வெட்டோ தேய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தூசிதான் இதற்குப் பெரிய எதிரி. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு நாள் நின்றால் முளையின் குழிக்குள் புழுதி போய், பட்டன் அரைவாசியில் நிற்கும். சவர்க்காரத் தண்ணீரில் கத்தியை அமிழ்த்தி, பட்டனை இருபது தரம் அமத்தி விடுங்கள். பிறகு கழுவி, வெயிலில் காயவிட்டு, அச்சாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. பட்டனுக்கு ஒரு துளியில் பாதி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், கிறீஸ் புழுதியைக் கூட்டிவரும்.

கழற்றிப் பார்க்க ஆசை வரும். கழற்றுவதென்றால் பெரிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள். நான் பட்டறை வாசலில் இருந்து கழற்றியபோது முளையின் ஸ்பிரிங் துள்ளிக் கோழி மேய்ந்த இடத்தில் விழுந்தது. அரைமணி நேரம் தேடி, கடைசியில் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். அது ஒத்துவரவில்லை, இறுக்கம் கூடி, மூன்று நாளாகப் பட்டனை அமத்தப் பெருவிரல் நோ. பிறகு வாசலைக் கூட்டிய மனைவி, "இதுவா தேடினது?" என்று விளக்குமாற்றில் சிக்கியிருந்ததை எடுத்துத் தந்தா.