வேனை முதலில் வாங்கிவிட்டு நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, கணவருக்கு 49. இருவரும் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் நியூசிலாந்து போகிறோம். நவம்பரில் ஆக்லாந்தில் இறங்கி, நாட்டின் நீளத்துக்கும் போகும் டெ அராரோவா நடைபாதையை வடக்கில் இருந்து தெற்காக நடந்து முடித்துவிட்டு, மீதி நாட்களில் கேம்பர்வேனில் (உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள வேன்) சுற்றுவதாகத் திட்டம். இறங்கியதுமே 25,000 டாலருக்கு ஒரு பழைய வேனை வாங்கித் தெரிந்தவர் வீட்டில் நிறுத்திவிடலாம், கிளம்பும்போது விற்றுவிட்டால் வேனுக்குச் செலவே இல்லை என்கிறார் கணவர். எல்லாவற்றையும் நியூசிலாந்து டாலரிலேயே சொல்கிறேன்: எடுக்கக்கூடிய சேமிப்பு 58,000. ஓய்வுக்கால நிதி தனியாக 40,000. வீட்டுக் கடன் தவணை மாதம் 1,100. ஊரில் இருந்தால் தவணையோடு சேர்த்து மாதச் செலவு 2,400. திரும்பி வந்து புதிதாகத்தான் வேலை தேட வேண்டும். ஓய்வுக்கால நிதியில் 15,000 எடுக்கலாமா, அல்லது தனிநபர் கடன் வாங்குவது மேலா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் பயணத்துக்குப் பணம் போதும். இடிப்பது அந்த வேன்தான்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். நீங்கள் இல்லாத எட்டு மாதத் தவணை 8,800. இதைத் தனிக் கணக்கில் போட்டு, தானாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்து வேலை கிடைக்கும்வரை ஆறு மாதச் செலவு 14,400. பயணக் கணக்கில் எல்லோரும் மறப்பது இந்தத் தொகையைத்தான். உங்கள் வயதில் புதிய வேலைக்கு ஆறு மாதம் ஒதுக்குவது அதிகமே இல்லை. ஆக 58,000-இல் 23,200 தொடக்கூடாத பணம். மீதி 34,800. விமானம், விசா, காப்பீடு என்று 5,000 போனால் கையில் 29,800.

இப்போது கணவர் சொல்கிறபடி வேனை வாங்கினால் நடைக்கு மிஞ்சுவது 4,800. நீங்கள் 15,000 எங்கிருந்து எடுப்பது என்று தேடுவது இதனால்தான். வேனை நல்ல விலைக்கே விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் கைக்கு வருவது கிளம்புகிற வாரத்தில், செலவெல்லாம் முடிந்த பிறகு. நடுவில் ஐந்து மாதம் அது யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும். அதற்குக் காப்பீடு கட்ட வேண்டும், பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பேட்டரி இறங்காமல் பார்க்க ஆள் வேண்டும். போதாததற்கு, பாதை முடிவது தென்கோடியில் உள்ள பிளஃபில். வேன் நிற்பதோ ஆக்லாந்தில். வேனை எடுக்க இரண்டு பேரும் நாட்டின் நீளத்தைத் திரும்பக் கடக்க வேண்டும்!

விற்பனைக் காலமும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. பயணிகள் வந்து குவியும் நவம்பர், டிசம்பரில் பழைய கேம்பர்வேன் விலை ஏறும். கோடை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் பார்க்கும் மார்ச்சுக்குப் பிறகு இறங்கும். உங்கள் திட்டத்தில் நீங்கள் உச்சத்தில் வாங்கி, ஜூன் குளிரில் விற்கிறீர்கள். விமான நாள் நெருங்க நெருங்க, வாங்க வருபவர் சொல்வதுதான் விலை. அந்த நிலையில் 25,000-க்கு வாங்கியது 17,000-க்குப் போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பிறகு அது எப்படிச் செலவில்லாத வேன் ஆகும்?

சரி, என்ன செய்யலாம்? நடையை முடியுங்கள், அப்புறம் வேனை வாடகைக்கு எடுங்கள். ஏப்ரலில் இருந்து வாடகை இறங்கத் தொடங்கும், மே, ஜூனில் இன்னும் குறையும். பிளஃபில் இருந்து இன்வர்கார்கில் வழியாகப் பஸ்ஸில் குயின்ஸ்டவுன் வந்து, அங்கேயோ கிரைஸ்ட்சர்ச்சிலோ வண்டியை எடுத்து, குளிர் ஏற ஏற வடக்கே நகர்ந்து ஆக்லாந்தில் விடுங்கள். பெரும்பாலானோர் ஆக்லாந்தில் எடுத்துத் தெற்கே விடுவதால் வண்டிகள் தெற்கில் தேங்கும். வடக்கே கொண்டுபோய் விடுவதற்குச் சில நிறுவனங்கள் நாளுக்கு ஒரு டாலர் என்றுகூட விளம்பரம் செய்யும். சில நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால் அதை நம்பி ஊர் சுற்ற முடியாது. ஆனால் ஒருவழி வாடகையைப் பேரம் பேச அது நல்ல பிடி.

நடைக்கு என்ன ஆகும்? ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், கேப் ரீங்கா முதல் பிளஃப் வரை, ஐந்து மாதம். இருவருக்கும் சேர்த்து மாதம் 3,000 என்று வைக்கிறேன், மொத்தம் 15,000. நடப்பதற்கு என்ன செலவு என்று தோன்றும். பாதையில் இருக்கும் நாட்கள் மலிவுதான். பணம் கரைவது ஊருக்குள் வரும் நாட்களில். எட்டு நாள் நூடுல்ஸும் ஓட்ஸும் தின்றுவிட்டு ஊரைப் பார்த்தால் கை நிற்காது. அறை, சலவை, இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிடுவது என்று ஒரு ஓய்வு நாள், பாதையில் ஒரு வாரம் செலவழித்ததை விழுங்கிவிடும். மழையில் மாட்டி இரண்டு நாள் தங்க நேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பாதைக்கென்றே சில செலவுகளும் உண்டு. வாங்கனூய் நதிப் பகுதியை நடப்பதில்லை, துடுப்புப் படகில் போக வேண்டும். அதற்குப் படகு வாடகை. வெலிங்டனில் இருந்து பிக்டனுக்குக் கப்பல். ராகாயா, ரங்கிடாட்டா ஆறுகளை நடந்து கடப்பது ஆபத்து, சுற்றிக்கொண்டு வண்டியில்தான் போக வேண்டும். மலைக் குடில்களில் தங்க இயற்கைப் பாதுகாப்புத் துறை ஆறு மாதப் பாஸ் தருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 'கிரேட் வாக்' என்று பெயர் பெற்ற தடங்களின் குடில்களுக்கு அது செல்லாது. ஷூ ஒரு ஜோடி போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆளுக்கு மூன்று நான்கு தேயும். பழைய ஷூவையும் கூடாரத்தையும் ஊரிலேயே மண் இல்லாமல் கழுவிக்கொண்டு போங்கள், இறங்கும்போது படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அறிவிக்க வேண்டியதை அறிவிக்காவிட்டால் விமான நிலையத்திலேயே 400 டாலர் அபராதம்.

29,800-இல் 15,000 போக வேனுக்கு 14,800. ஏப்ரல் தொடக்கத்தில் இருந்து 70 நாள் என்றால் நாளுக்கு 211 டாலர். வாடகை, எரிபொருள், சாப்பாடு, முகாம் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. சிறிய வண்டி, குளிர்கால விலை என்றால் தாராளமாகப் போதும். கழிப்பறை, குளியல், நான்கு படுக்கை உள்ள பெரிய வண்டி என்றால் இடிக்கும். அப்போது நாட்களைக் குறையுங்கள், ஓய்வுக்கால நிதிப் பக்கம் போகாதீர்கள்.

விளம்பரத்தில் இருக்கும் நாள் வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். டீசல் வண்டி என்றால் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் உண்டு, வண்டியை விடும்போது அதைத் தனியாக வசூலிப்பார்கள். அடிப்படைக் காப்பீட்டில் விபத்துக்கு நீங்கள் ஏற்க வேண்டிய தொகை ஐந்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதை உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்தும் வைப்பார்கள். கார்டு வரம்பு போதாவிட்டால் சாவி கைக்கு வராது. கார்டோடு வரும் வாடகை வாகனக் காப்பீடு பல நேரம் காருக்கு மட்டும்தான், கேம்பர்வேனுக்கு இல்லை. கூரையிலும் அடிப்பாகத்திலும் படும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் விலக்கிவிடும். தொண்ணூறு மைல் கடற்கரை, குயின்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற இடங்களுக்கு ஓட்டினால் காப்பீடே செல்லாது என்று எழுதியிருக்கும். இவற்றையெல்லாம் கேட்டு ஒரு தாளில் கூட்டிப் பார்த்தால், நாளுக்கு 20 டாலர் குறைவாகத் தெரிந்த வண்டிதான் பல நேரம் விலை கூடியது.

கணவர் இன்னும் மசியவில்லை, வாங்கியே தீருவேன் என்றால், மார்ச் கடைசியில் கிரைஸ்ட்சர்ச்சில் பாருங்கள், விலை உச்சவரம்பு 12,000. பணம் கொடுக்கும் முன் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் அந்த வண்டியின் பேரில் கடன் இருக்கிறதா என்று தேடுங்கள். கடன் இருந்தால், வாங்கிய பிறகும் கடன் கொடுத்தவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். டீசல் வண்டியில் கட்டணம் எத்தனை கிலோமீட்டர் வரை கட்டியிருக்கிறது என்பதை ஓடோமீட்டரோடு ஒத்துப் பாருங்கள். தாண்டியிருந்தால் விற்பவர் பாக்கியைக் கட்டிய பிறகே பேச்சு. 2023-இல் வந்த சட்டப்படி, 'செல்ஃப் கன்டெய்ன்ட்' (வெளி வசதி இல்லாமல் உள்ளேயே தங்கத் தகுந்த வண்டி) சான்று பெற வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும், படுக்கையை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். அதற்கான பச்சை நிறச் சான்று இல்லாத வண்டியில் பல இடங்களில் இரவு தங்க முடியாது, தங்கினால் அபராதம். சீட்டுக்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுக் கழிப்பறை இருக்கிறது என்பவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று, அங்கே வாகனக் காப்பீடு கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதற்காக விடாதீர்கள், பிறர் வண்டிக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கான காப்பீட்டையாவது எடுங்கள்.

உடல்நலக் காப்பீட்டில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். விபத்தில் அடிபட்டால் ஏ.சி.சி. என்ற அந்நாட்டு அமைப்பு, சுற்றுலா வந்தவர்களின் சிகிச்சைச் செலவையும் பார்த்துக்கொள்கிறது. அதை நம்பிப் பயணக் காப்பீட்டைத் தவிர்ப்பவர்கள் உண்டு. காய்ச்சல், குடல்வால், நெஞ்சுவலி எதுவும் விபத்தில் வராது. ஊருக்குத் தூக்கி வரும் செலவையும் ஏ.சி.சி. தராது. எனவே பாலிசி எடுங்கள், எடுக்கும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஒரே பயணம் எத்தனை நாள் வரை செல்லும், பல நாள் மலைநடை அதில் அடங்குமா. பல பாலிசிகள் 90 அல்லது 180 நாளோடு நின்றுவிடும். உங்களுக்கு எட்டு மாதம் வேண்டும்.

விசாவுக்கு ஆளுக்கு மாதம் 1,000 டாலர் கையிருப்பைக் காட்ட வேண்டும். எட்டு மாதத்துக்கு இருவருக்கும் 16,000.

பணத்தை ஒரே நாளில் மொத்தமாக நியூசிலாந்து டாலராக மாற்றாமல் இப்போதிருந்தே மாதாமாதம் கொஞ்சமாக மாற்றுங்கள், மாற்று விகிதத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடையில் கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, நியூசிலாந்து டாலரிலா' என்று கேட்டால் எப்போதும் நியூசிலாந்து டாலரையே அழுத்துங்கள். ஆளுக்கொரு கார்டு, தனித்தனிப் பையில்.

பூட்டிய வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டுக் காப்பீடு இருந்தால், எட்டு மாதம் ஆள் இருக்கமாட்டோம் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் காலியாக இருந்த வீட்டுக்கு இழப்பீடு மறுக்கும் பாலிசிகள் நிறைய. நம்பகமான ஆளுக்கு அதே எட்டு மாதத்துக்கு வாடகைக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது. தவணைக்கு ஒதுக்கிய 8,800-இல் ஒரு பகுதியாவது மிஞ்சும், அந்தத் தொகைக்கு மட்டும் பெரிய வேனைப் பற்றிக் கணவரோடு பேசலாம்.