வாசகர் கேள்வி: பழைய தேனீப் பெட்டிகளைக் கொண்டே மீண்டும் தொடங்கலாமா?

கேள்வி: என் பெற்றோர் பல நூறு பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்ப்பைத் தொழிலாகச் செய்தவர்கள். பள்ளி விடுமுறைகளில் நானும் அவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொழில் நின்றுபோனது. பணி ஓய்வு பெற்றுள்ள இந்நிலையில், பொழுதுபோக்காகச் சில பெட்டிகள் மட்டும் வைக்க விரும்புகிறேன். பழைய பெட்டிகள், அவற்றினுள் தேனடை கட்டுவதற்கான மரச் சட்டங்கள், தேன் எடுக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா? நான் புதிதாகக் கற்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: பழைய அடைகளையும் சட்டங்களையும் தயங்காமல் எரித்துவிடுங்கள். அமெரிக்கப் புழு அழுகல் நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் காய்ந்த அடையிலும் மரத்திலும் 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியவை. ஆகவே, இத்தனை காலம் பூட்டிக் கிடந்தன என்பதாலேயே அவை தூய்மையாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. அந்நோய் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் எப்போதேனும் வந்ததாக நினைவிருந்தால், பெட்டிகளையும் சேர்த்து எரித்துவிடுவதே முறை. அப்படி எதுவும் இல்லையென்றால், பழைய மெழுகையும் பிசினையும் நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, உட்புறம் முழுவதும், குறிப்பாக மூலைகளும் இணைப்புகளும், கரும்பழுப்பாகும்வரை தீச்சுடரால் வாட்டியபின் பயன்படுத்தலாம். சட்டங்களைப் புதிதாக வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு பெட்டியின் தேனீக் குடும்பத்தை நோய்க்குப் பறிகொடுப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

தேன் எடுக்கும் இயந்திரம் துத்தநாகம் பூசிய இரும்பாலோ, ஈயம் கலந்த பற்றுவைத்த தகரத்தாலோ ஆனதென்றால் அதையும் ஒதுக்குங்கள். தேன் அமிலத்தன்மை உடையது. அவ்வுலோகங்களைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகில் செய்தவையே இன்று ஏற்கத்தக்கவை.

அடுத்து, கற்க வேண்டியதைப் பற்றி. சட்டத்தைத் தேனீ நசுங்காமல் தூக்குவதும், புகையை அளவாக விடுவதும் கைக்குப் பழகிய வேலைகள். அவை விரைவில் திரும்பிவிடும். ஆனால் தொழில்முறைக் குடும்பங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் சுமப்பதும் தேன் எடுப்பதுமாகவே இருந்திருப்பார்கள். எப்போது தேன் அறையை (தேன் சேர்வதற்காக மேலே வைக்கும் பெட்டியை) ஏற்றுவது, எந்த இராணியை மாற்றுவது, எந்தக் குடும்பம் பிரிந்து பறக்கப் போகிறது என்ற முடிவுகளைப் பெரியவர்களே எடுத்திருப்பார்கள். உங்களுக்கு விடுபட்டிருப்பது அந்தப் பகுதியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மேலும், நூற்றுக்கணக்கான பெட்டிகள் உள்ள இடத்தில் நலிந்த குடும்பத்தை இன்னொன்றோடு சேர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். உங்களிடம் இருக்கப் போவதோ சில பெட்டிகளே என்பதால், ஒவ்வொன்றும் ஏன் நலிகிறது என்று நின்று பார்த்தாக வேண்டும். அதற்கு முட்டை தொடங்கிப் பணித் தேனீ வெளிவர 21 நாள், இராணிக்கு 16 நாள், ஆண் தேனீக்கு 24 நாள் என்ற கணக்கு மனத்தில் இருந்தால் போதும்; முட்டையிட்ட ஒன்பதாம் நாளளவில் புழுவின் அறை மூடப்படும் என்பதால், அடையில் முட்டையும் புழுவும் இல்லாமல் மூடிய சிற்றறைகள் மட்டுமே தென்பட்டால், இராணி முட்டையிடுவது நின்று ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது என்று நீங்களே கணித்துவிடலாம்.

உங்கள் பெற்றோர் காலத்தில் பல நாடுகளில் இல்லாதிருந்த ஒன்று, தேனீயையும் அதன் புழுவையும் உறிஞ்சி நலிவிக்கும் வரோவா உண்ணி. ஆசியத் தேனீயிடமிருந்து ஐரோப்பிய இனத்துக்குத் தாவிய இது, 1987இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. மூடிய புழு அறைக்குள் பெருகுவதால் கண்ணுக்கு எளிதில் படாது. நீங்கள் வளர்க்கப்போவது ஐரோப்பிய இனமென்றால், எடுக்கும் தேனீக்களில் இராணி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏறத்தாழ 300 தேனீக்களைச் சல்லடை மூடியுள்ள புட்டியில் இட்டுச் சர்க்கரைத் தூளில் உருட்டி, உதிரும் உண்ணிகளை எண்ணுங்கள். நூறு தேனீக்கு 2 அல்லது 3 என்ற அளவை எட்டினால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எத்தனை பெட்டி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஒன்றைவிட இரண்டு நல்லது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றில் இராணி இறந்தால், மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைத்துப் புதிய இராணியை வளர்க்க விடலாம்.

சிறுவயதில் வாங்கிய கொட்டுகள் இன்றைக்கும் உங்களைக் காக்கும் என்று நம்ப வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பின் உடல் வேறுவிதமாக எதிர்வினை காட்டக்கூடும். தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். கொட்டியபின் மூச்சுத் திணறலோ, முக வீக்கமோ, தலைசுற்றலோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தூக்க வேண்டிய எடையையும் கவனியுங்கள்: பத்துச் சட்டங்கள் கொண்ட ஆழமான தேன் அறை நிறைந்தால் 35 கிலோவுக்குக் குறையாது என்பதால், ஆழம் குறைந்த அறைகளையே வாங்குங்கள்.