பூந்திக்கொட்டை: கொட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: பட்டுப் புடவை துவைக்க, இணையத்தில் பூந்திக்கொட்டைத் தூள் கால் கிலோ வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்ததும் தும்மல். தண்ணீரில் கலக்கினால் மேலே நுரை. அடியில் கறுப்பு மணல்போல் ஏதோ தங்குகிறது. கலப்படமா? வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. பேசாமல் ஒரு மரம் வைத்துவிடட்டுமா?

பதில்: தும்மலை மன்னித்துவிடுங்கள், அசல் தூளும் தும்ம வைக்கும். என் சந்தேகம் அந்தக் கறுப்பின் மேல்தான். பூந்திக்காயில் நுரைக்கும் சப்போனின் இருப்பது விதையைச் சுற்றியுள்ள சதையில். உள்ளே இருக்கும் வழவழப்பான கருவிதை கல்போல் கடினம். துணிக்கு அதனால் பயனில்லை, தராசுக்கு மட்டும் நல்ல பயன். விதையோடு சேர்த்து அரைத்தால் எடை ஏறும், அடியில் கறுப்பு நொறுங்கலும் தங்கும். நுரையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஒரு பிடி சோப்புத்தூளைக் கலந்தால் மரத்தூள்கூட நுரைக்கும்.

இனி நாட்டு மருந்துக் கடையில் முழுக் காயாகவோ விதை நீக்கிய தோலாகவோ வாங்குங்கள். நம் ஊர்க் காய் மூன்று பகுதிகள் ஒட்டியதுபோல் இருக்கும், வடக்கிலிருந்து வருவது உருண்டை. இரண்டும் துவைக்கும். நல்ல தோல் பழுப்பாக, விரலில் லேசாக ஒட்டும்; பூஞ்சை நெடி அடித்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். விலை விதையோடா, விதை நீக்கியா என்று கேட்டுவிட்டுத்தான் இரண்டு கடைகளை ஒப்பிட வேண்டும்.

பட்டுக்கு ஏழெட்டுத் தோலை இரவு ஊறவைத்துக் காலையில் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தூளை நேரடியாகப் போட்டால் அந்த மணல் ஜரிகையை உரசும். முதலில் முந்தானை ஓரத்தில் சாயம் போகிறதா என்று பாருங்கள். கரைசல் ஓரிரு நாளில் புளித்துவிடும், அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன் தொட்டிப் பக்கம் கொட்டவே கூடாது; சப்போனின் மீனுக்கு நஞ்சு.

பாக்கெட்டில் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் முகவரி, மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மரமா? தாராளமாக வையுங்கள், ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம். நன்றாகக் கிளை பரப்பும். விதையைக் கல்லில் உரசி, ஒரு நாள் ஊறவைத்துப் பையில் ஊன்றுங்கள். விதைக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். 'இரண்டே வருடத்தில் காய்க்கும்' என்று நர்சரிக்காரர் சொன்னால், ஒட்டுக்கன்றா என்று கேட்டு, ஒட்டுப்போட்ட தழும்பைத் தண்டில் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கடைத் தோல்தான்.