தையலும் காதலும் வருகிற சீன அரண்மனைத் தொடர் எதைப் பார்க்கலாம்?

கேட்டவர் "ஹீரோயின் தையல்காரியாக இருக்க வேண்டும், காதலும் இருக்க வேண்டும், பழைய காலத்துக் கதையாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள், ஆரி வேலையும் செய்வேன். டிவியில் யாராவது ஊசியைக் கையில் எடுத்தாலே என் கண் அங்கே போய்விடும். என் பதில், 2018-இல் வந்த 'யான்ஷி அரண்மனையின் கதை'. மொத்தம் 70 பாகம்.

முழுக்க முழுக்கத் தையல்காரி கதை என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். சியென்லுங் பேரரசர் காலம், 1741. அக்காவின் சாவுக்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க, வெய் யிங்லுவோ என்ற பெண் அரண்மனை எம்ப்ராய்டரி கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். அந்தக் கூடம் வருவது ஆரம்பப் பாகங்களில் மட்டும்தான். பிறகு கதை அந்தப்புரச் சண்டைக்குப் போய்விடும். எனக்கு அந்த ஆரம்பப் பாகங்கள்தான் உயிர்.

அதில் ஒரு இடம். பேரரசி ஃபூச்சாவின் பிறந்தநாள் அங்கிக்காக வைத்திருந்த மயில் இறகு நூல் காணாமல் போய்விடுகிறது. நாளோ நெருங்கிவிட்டது. யிங்லுவோ மான் வால் மயிரை எடுத்து நூலாக முறுக்கி, அதை வைத்தே வேலையை முடிக்கிறாள். தங்கமும் முத்தும் வேண்டாம் என்று எளிமையாக இருக்கும் பேரரசிக்கு அது பிடித்துப்போகிறது. (மயில் இறகு நூல் கற்பனை இல்லை. 1956 முதல் 1958 வரை தோண்டிய, மிங் வம்சத்து வான்லி பேரரசரின் கல்லறையில் அந்த நூல் வைத்து நெய்த துணியே கிடைத்திருக்கிறது.)

தொழில்காரியாக ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்து அரச அங்கியை ஒரு பெண் நாலு நாள் ராத்திரி முழித்துத் தைத்துவிட முடியாது. அரண்மனை ஓவியர்கள் டிசைன் வரைவார்கள், அதற்குச் சம்மதம் கிடைத்த பிறகு நான்ஜிங், சூசோ, ஹாங்சோ மூன்று ஊர்களிலும் இருந்த அரசுப் பட்டறைகளுக்கு வேலை போகும். துணியாகவே முழு வேலையும் முடிந்த பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். ஆரி வேலையிலும் அப்படித்தானே? துணியில் அளவைக் குறித்து, ஃபிரேமில் மாட்டி, கழுத்தும் கையும் முடித்த பிறகே கத்தரிக்கோலை எடுப்போம். இதைப் பார்த்தபோது சீனா கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

இப்போது காதலுக்கு வருகிறேன். யிங்லுவோவுக்கும் பேரரசியின் தம்பி ஃபூஹெங்குக்கும் நடக்கிற காதலைப் பார்த்து ஊரே அழுதது, நானும் அழுதேன். ஆனால் இந்தக் கதையில் என் மனசில் நின்ற காதல் தொடரில் சரியாக வரவே இல்லை. அந்த மான் வால் மயிர் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோது கிடைத்தது.

நிஜ சியென்லுங், தன் தாத்தா காலத்து, தன் முன்னோர் மொழியான மஞ்சு மொழி அகராதியைப் புரட்டும்போது ஒரு பழக்கத்தைப் பற்றிப் படிக்கிறார். பெருஞ்சுவருக்கு வெளியே முன்னோர் வாழ்ந்த நாளில் ஜரிகை கிடைப்பது அரிது. அதனால் சட்டைக் கை ஓரத்தில் ஜரிகைக்குப் பதிலாக மான் வால் மயிரை வைத்துத் தைத்திருக்கிறார்கள். 1747 இலையுதிர் காலத்து வேட்டையின்போது இதைப் பேச்சுவாக்கில் மனைவியிடம் சொல்கிறார். ஃபூச்சா அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதே மான் வால் மயிரில் சக்கிமுக்கிக் கல் வைக்கிற சின்ன இடுப்புப் பை ஒன்றைத் தைத்துக் கையில் கொடுக்கிறாள். புருஷன் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்கு!

அடுத்த வருஷம், 1748 ஏப்ரலில், ஷான்டோங் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் தேசோவில் அவள் இறந்துபோகிறாள். பிறகு அந்தப் பையைப் பார்த்து அவர் கவிதை எழுதுகிறார். அகராதி, வேட்டை, மனைவியிடம் சொன்னது, அவள் தைத்தது என்று இத்தனையையும் அந்தக் கவிதையின் முன்குறிப்பில் அவரே எழுதி வைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. பை இன்றும் தைபே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளுக்கு உடம்பு முடியாமல் போன ஊர் ஜினான். பின்னாளில் நாலு முறை அந்தப் பக்கம் வந்தும் ஊருக்குள் நுழையவில்லை என்று இன்னொரு கவிதையில் எழுதியிருக்கிறார்.

தொடரில் இது இப்படி முடியாது. (கதை தெரியக் கூடாது என்றால் அடுத்த வரியை விட்டுவிடுங்கள்.) அங்கே பேரரசி அரண்மனை மதில் மேலிருந்து குதிக்கிறாள், பேரரசரும் ஏறக்குறைய கல் நெஞ்சக்காரர். பேரரசியாக வரும் சின் லான் நன்றாக நடித்திருப்பதால் மனம் பதறும். இருந்தாலும் நிஜப் பையைப் பற்றித் தெரிந்த பிறகு, எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். கையில் வெல்லத்தை வைத்துக்கொண்டு சர்க்கரை தேடி அலைந்திருக்கிறார்கள்.

எம்ப்ராய்டரியும் வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல வளரும் காதலும் வேண்டும் என்றால் 2021-இல் வந்த 'வாளும் பட்டும்' பாருங்கள். 45 பாகம், மிங் காலம். அக்கா இறந்த பிறகு அக்கா புருஷனுக்கே இரண்டாந்தாரமாகப் போகிற பெண், ஊசியை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். இடையில் இழுவை, துணி துவைத்தபடியே பார்க்கலாம்.

70 பாகம், 45 பாகம் எல்லாம் முடியாது, ஒரே ஒரு தையல் காட்சி போதும் என்பவர்களுக்கு 1987-இல் வந்த 'சிவப்பு மாளிகைக் கனவு' தொடர். பாவ்யூ என்ற பணக்காரப் பையன், மயில் இறகு நூலில் நெய்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு போய்ப் பொத்தல் விழும்படி சுட்டுக்கொண்டு வருகிறான். விரல் நுனி அளவுதான். மறுநாளே அதைப் போட்டாக வேண்டும். வெளியே தையல்காரர், டார்னிங் போடுகிறவர் என்று யாரிடம் கொண்டுபோனாலும், இது என்ன துணி என்றே தெரியாமல் தொட மறுக்கிறார்கள். (நியாயம்தான். தெரியாத துணியை நானும் வாங்க மாட்டேன்.) காய்ச்சலில் படுத்திருக்கும் வேலைக்காரப் பெண் சிங்வென் எழுந்து உட்காருகிறாள். உள்பக்கத் துணியைப் பிரித்து, தேநீர்க் கோப்பை வாய் அளவுள்ள மூங்கில் வளையத்தைப் பின்னால் மாட்டி, கருகிய ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, முதலில் பாவு போல இழை ஓட்டி, அப்புறம் ஊடை போலக் குறுக்கே கோக்கிறாள். நாலு தையல் போட்டதும் தலை சுற்றும், தலையணையில் சாய்வாள், மறுபடி எழுந்திருப்பாள்.

இந்தத் தொடருக்கு மூலமான நாவலை எழுதிய சாவ் ஷுவேசினின் குடும்பம் நான்ஜிங் அரசுப் பட்டறையைத் தலைமுறை தலைமுறையாக நிர்வகித்த குடும்பம். அதனால்தான் மூங்கில் வளையம் வரை சரியாக வந்திருக்கிறது. சிங்வென் பாவ்யூவிடம் காதல் என்று ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் தலையணை கொண்டுவருகிறேன், சால்வை போர்த்துகிறேன் என்று சுற்றிச் சுற்றி வர, போய்த் தூங்கு, ராத்திரி முழித்தால் கண் குழிவிழுந்துவிடும் என்று விரட்டுவாள். கடிகாரம் நாலு அடிக்கும்போதுதான் வேலை முடியும்.