நான் மன்னித்தால் தூக்கு ரத்தாகுமா?

கேள்வி: என் அக்காவையும் அவளுடைய ஆறு வயது மகனையும் பணத்தகராறில் ஒருவன் கொன்றுவிட்டான். செஷன்ஸ் கோர்ட் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்திருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று நானும் அம்மாவும் அழுதோம், ‘கடவுள் இருக்கிறார்’ என்றோம். வெளியே வந்தபோது அவனுடைய தாய் என் காலைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மனசு இரண்டாகக் கிடக்கிறது. இப்போது அவன் தரப்பு வக்கீல், ‘தூக்கு வேண்டாம் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுங்கள்’ என்கிறார். கையெழுத்துப் போட்டால் தூக்கு நின்றுவிடுமா? போடாவிட்டால் அவன் சாவுக்கு நான் காரணமா? போட்டால் அவன் விடுதலையாகிவிடுவானா? அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

பதில்: கடைசிப் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். தூக்கு வேண்டாம் என்று நீங்கள் சொல்வதால் மட்டும் அவன் விடுதலையாக மாட்டான். குற்றவாளியா இல்லையா என்பது சாட்சியத்தை வைத்து முடிவாவது. என்ன தண்டனை என்பது அதற்கு அடுத்த கேள்வி.

வளைகுடா நாடுகளில் வாரிசுகள் குருதிப் பணம் வாங்கிக்கொண்டு மன்னித்தால் தண்டனை நீங்கும் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். நம் சட்டத்தில் அப்படி இல்லை. இங்கே கொலை என்பது இரு தரப்பும் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. வழக்கு நடத்துவது அரசு. அதனால் உங்கள் கையெழுத்து தூக்குக் கயிற்றை அறுக்காது. கையெழுத்துப் போடாமல் இருப்பதும் கயிற்றை மாட்டாது. அவன் சாவுக்கு நீங்கள் காரணமாக முடியாது, அந்த அதிகாரத்தைச் சட்டம் உங்களுக்குத் தரவே இல்லை.

செஷன்ஸ் கோர்ட் விதித்த தூக்கு இன்னும் முழுத் தண்டனை ஆகவில்லை. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் வழக்கை முதலிலிருந்து பார்ப்பார்கள். உறுதி செய்யலாம், குறைக்கலாம், விடுதலையும் செய்யலாம். ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அளவுகோல். ஆயுள் தண்டனை இங்கே போதவே போதாது என்று தெளிவானால்தான் தூக்கு. 2022இல் மனோஜ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு அவனுடைய குடும்பப் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளையும் கேட்டு வாங்குகிறார்கள். இவ்வளவுக்கும் நடுவே உங்கள் பத்திரம் ஒரு தாள்தான். நீதிபதிகள் அதைக் கணக்கில் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்.

உங்கள் அம்மா கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: ‘தூக்கு இல்லேன்னா பதினாலு வருஷத்துல வந்துருவானே?’ அது பழைய பேச்சு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். பதினான்கு ஆண்டு என்பது, கொலை போன்ற வழக்குகளில் அதற்கு முன் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கக் கூடாது என்ற வரம்பு. அது மட்டுமல்ல, 25 ஆண்டு, 30 ஆண்டு, ஏன், சாகும்வரை தண்டனைக் குறைப்பே கிடையாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம். ஸ்ரீஹரன் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. இது தெரிந்தால் அம்மாவும் உங்களோடு கொஞ்சம் பேசுவார் என்று நினைக்கிறேன்.

எனக்கும் இதில் இரண்டு மனசுதான். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு குழந்தையின் உயரமும் எடையும் வரிசையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதைப் படிக்கும்போது, ‘இவனையெல்லாம்...’ என்று வாய்வரை வரும். அதே வழக்குக் கோப்பில் வாக்குமூலம் எப்படி வாங்கினார்கள், பொருளை எப்படிக் கைப்பற்றினார்கள் என்று புரட்டினால், இதை நம்பி ஓர் உயிரை எடுப்பதா என்று கை நின்றுவிடும். தூக்கு எழுதிய பேனாவின் முள்ளை நீதிபதி உடைப்பார் என்பார்களே, அது எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். எழுதுகிறவருக்கும் மனசு சும்மா இருப்பதில்லை போலும். எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் தூக்கு வேண்டாம் என்ற பக்கம்தான். ஆனால் அக்காவைப் பறிகொடுத்தவரிடம் அதை வலியுறுத்த எனக்கு உரிமை இல்லை.

சரி, அந்தப் பத்திரம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிக் கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் கூடவே கூடாது. ‘அவன்தான் செய்தானா என்று உறுதியில்லை’ என்பதுபோல ஒரு வரி நடுவில் நுழைந்தால், நீங்கள் கூண்டில் சத்தியம் செய்து சொன்னதற்கு அது முரணாகும். பொய்ச் சாட்சி என்று உங்கள் மீதே திரும்பலாம். பணமும் வாங்க வேண்டாம். பத்திரம் கொடுப்பதாக முடிவெடுத்தால் உங்கள் சொந்த வக்கீலை வைத்து, ‘என் சாட்சியத்தில் மாற்றமில்லை, தண்டனை பற்றிய என் கருத்து மட்டும் இது’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்போதே முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனு எல்லாம் போன பிறகு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு என்ற கட்டம் இருக்கிறது. குடும்பத்தினரின் கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் இருப்பது அங்கேதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000இல் ஆளுநர் அதை ஆயுளாகக் குறைத்தார்.

அம்மா தூக்குதான் வேண்டும் என்றால் அவரும் தனி வக்கீல் வைத்து அரசு வழக்கறிஞருக்கு உதவலாம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கருத்து போவதைச் சட்டம் தடுக்கவில்லை. செலவு பற்றிய கவலை இருந்தால் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசமாக வக்கீல் தருவார்கள்.