காது மெஷின்: வாசகர் கேள்விகள்

காது டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘கண்டக்டிவ்’ என்று இருக்கிறது. நரம்புக் கோளாறா?

இல்லை. வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடங்கல்: குறும்பி, சீழ், ஜவ்வில் ஓட்டை. பெரும்பாலும் வைத்தியம் உண்டு. ‘சென்சரிநியூரல்’ என்றிருந்தால்தான் உள்காதோ நரம்போ. அதற்குத்தான் பெரும்பாலும் மெஷின்.

அப்பாவுக்கு 50 டெசிபல். பாதிக் காது போய்விட்டதா?

இந்த மாதம் இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். டெசிபல் சதவீதம் அல்ல, அல்லவே அல்ல! எவ்வளவு சத்தம் கொடுத்தால் அவருக்குக் கேட்கத் தொடங்குகிறது என்பதுதான் அந்த எண். பத்துப் பத்தாக ஏறும்போது ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடும். 50-ஐ நூறில் பாதியாக்கினால் கணக்கே கெட்டது. மாற்றுத்திறனாளி சான்றிதழில் போடும் ஊனச் சதவீதம் வேறு கணக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இருந்தால்தான் அந்தப் பேச்சே.

இன்னொன்று, 50 என்பது சராசரி. ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் சுருதி அளவு; தாழ்ந்த சுருதியான 500 ஹெர்ட்ஸில் 30, 1000-இல் 50, உயர்ந்த சுருதியான 2000-இல் 70 இருந்தாலும் சராசரி 50தான். அப்படிப்பட்டவருக்குத் தாழ்ந்த சுருதியில் வரும் ‘ஆ’, ‘ஓ’ விழும். உயர்ந்த சுருதியில் வரும் ‘ச’, ‘த’ நழுவிவிடும். “கேக்குது, புரியல” என்பார். வீட்டில் உள்ளவர்கள், வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்பார்கள். ஒற்றை எண்ணை மட்டும் எழுதாமல் ஆடியோகிராம் (ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) நகலை அனுப்புங்கள். எத்தனை தரம் சொல்வது?

பேட்டரி ஒரு வாரம்தான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

எந்த சைஸ் என்று எழுதவில்லையே! மஞ்சள் ஸ்டிக்கர் 10-ஆம் நம்பர் என்றால் ஒரு வாரம் நியாயம்தான். நீல ஸ்டிக்கர் 675 என்றால் குறைவு. ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட்டதும் பேட்டரி வேலையைத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டிப் பயனில்லை.

8 சேனலா, 16 சேனலா?

சேனல் என்பது மெஷின் ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகச் சரிசெய்யும் சுருதிப் பகுதி. ஆடியோகிராம் பார்த்து ட்யூன் செய்கிறவர் கைதேர்ந்தவராக இருந்தால் 8 போதும்.

நேற்றுக் காலையிலிருந்து ஒரு காது கேட்கவில்லை. எண்ணெய் காய்ச்சி விடலாமா?

எண்ணெய் வேண்டாம், எதற்குமே வேண்டாம். இன்றே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். உள்காது திடீரென்று பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டை முதல் சில நாளிலேயே தொடங்க வேண்டும். இரண்டு வாரம் போனால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். இதற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கலாமா?

பாட்டிக்கு 80 டெசிபல். காதுக்குள் மறைகிற சிஐசி வாங்கலாமா?

வெளியே தெரியக் கூடாது என்பது பாட்டியின் ஆசையா, உங்கள் ஆசையா? 80-க்கு சிஐசி-யின் சக்தி போதாது, காதின் பின்னால் மாட்டுகிற பிடிஇ-தான்.